சிறிய தொகையில் அலுவலகக் கிறிஸ்துமஸ் அலங்காரம்: திட்டமிடுவது முதல் எடுத்து வைப்பது வரை

இந்த வழிகாட்டி, ஒரே தளத்தில் 40 பேர் வரை வேலை பார்க்கும் ஒரு சென்னை அலுவலகத்தையும், அலங்காரத்துக்கெனக் கிடைத்திருக்கும் 6,000 ரூபாயையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. தொகை இதைவிடக் கூடினாலும் குறைந்தாலும் பொருள்களின் அளவுதான் மாறும், செய்முறை மாறாது.

எல்லாவற்றுக்கும் முன்னால், எந்த இடங்களை அலங்கரிக்காமல் விட்டுவிடுவது என்பதைத் தீர்மானிக்க வேண்டும். ஒவ்வொரு மேசைக்கும் ஒரு ஜிகினாச் சரம், ஒவ்வொரு தூணுக்கும் இரண்டு பலூன், கதவுக்குக் கதவு ஒரு கிறிஸ்துமஸ் தாத்தா முகம் என்று பங்கிட்டுக்கொண்டே போனால், பணம் தீர்ந்த பிறகும் தளம் வெறுமையாகவே தெரியும். வரவேற்பு மேசையும் அதற்குப் பின்னுள்ள சுவரும், அல்லது தேநீருக்கு எல்லோரும் கூடும் மூலை என, நுழைகிறவர் கண் தானாகப் போய் விழும் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, செலவில் முக்கால் பங்கை அங்கேயே குவிக்க வேண்டும். மற்ற இடங்களுக்குக் கையால் செய்த காகித வேலை போதும். அதுவும் இல்லாவிட்டால் குறையில்லை.

முதல் படி: இருப்பைக் கணக்கெடுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் அலுவலகத்தின் ஸ்டோர் ரூமைத் திறந்து பாருங்கள். தமிழ்நாட்டு அலுவலகங்களில் ஆயுத பூஜைக்கு வாங்கிய வண்ணத்தாள் தோரணங்கள், சீரியல் விளக்குகள், ரிப்பன்கள் எல்லாம் ஏதோ ஓர் அட்டைப்பெட்டியில் சுருண்டு கிடக்கும். விளக்குச் சரங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, ஐந்து நிமிடம் எரியவிட்டுப் பார்த்து, எரிபவற்றையும் ஒரு பகுதி மட்டும் அணைந்திருப்பவற்றையும் தனித்தனியே வைக்க வேண்டும். எல்.இ.டி. சரங்களில் விளக்குகள் தொகுதி தொகுதியாக இணைக்கப்பட்டிருப்பதால், ஒன்று பழுதானால் அந்தத் தொகுதி மட்டும் அணைந்து மீதி எரியும். அப்படிப்பட்ட சரத்தின் இருண்ட பகுதியை மரத்துக்குப் பின்னால் மறைத்துப் பயன்படுத்தலாம். ஒயரின் உறை வெடித்திருந்தாலும், பிளக் இல்லாமல் வெறும் ஒயர் முனையைச் சுவிட்ச் போர்டில் செருகிப் பழகியிருந்தாலும், அந்தச் சரத்தைத் தயங்காமல் கழித்துவிடுங்கள்.

ஏ4 தாள் வந்த அட்டைப்பெட்டிகள், பார்சல்களைச் சுற்றி வந்த பழுப்புத் தாள், ஒருபக்கம் அச்சான காகிதம், பழைய நாள்காட்டிகளின் தடித்த தாள் ஆகியவற்றை நவம்பர் மாதம் முழுவதும் சேர்த்து வைக்கச் சொல்லுங்கள். பின்னால் வரும் வேலைகளில் பாதிக்கு இவையே மூலப்பொருள்.

இரண்டாம் படி: அனுமதியும் நாளும்

வாடகைக் கட்டடமாக இருந்தால், சுவரில் ஆணி அடிக்கலாமா, பொது நடைவழியில் பொருள் வைக்கலாமா என்று பராமரிப்பு மேலாளரிடம் முன்கூட்டியே கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்வது நல்லது. தீயணைப்புக் கருவி, அவசர வழி, அதன் ஒளிரும் பலகை ஆகியவற்றை எந்த அலங்காரமும் மறைக்கக் கூடாது. மேற்கூரையில் உள்ள தண்ணீர்த் தெளிப்பான்களிலும் புகை உணரிகளிலும் எதையும் கட்டித் தொங்கவிடக் கூடாது. தெளிப்பானுக்குக் கீழே குறைந்தது ஒன்றரை அடி இடைவெளி வெறுமையாக இருக்க வேண்டும்.

கிறிஸ்துமஸுக்கு ஆயத்தமாகும் திருவருகைக் காலம் நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடைப்பட்ட ஞாயிற்றுக்கிழமையில் தொடங்குகிறது. உள்ளே விளக்கெரியும் காகித நட்சத்திரமான ஸ்டாரை அந்த வாரத்திலேயே கட்டுவது வழக்கத்துக்குப் பொருத்தம்தான் என்றாலும், அந்த வாரம் வடகிழக்குப் பருவமழைக் காலத்துக்குள் வருகிறது. 2015-இலும் 2023-இலும் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது டிசம்பர் மாதத் தொடக்கத்தில்தான். ஆகவே ஸ்டாரை உட்புறத்திலோ மழைச்சாரல் எட்டாத போர்டிகோவிலோ முதல் வாரத்தில் கட்டிவிட்டு, மற்றவற்றை டிசம்பர் 10-ஆம் தேதிக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். வாசலுக்கு வெளியே விளக்கு போட்டே தீர வேண்டும் என்றால், மழைநீர் புகாதவை என்று குறிப்பிட்டு விற்கப்படுபவற்றை மட்டும் வாங்க வேண்டும். அவற்றின் பிளக் இணைப்பும் மழை படாத இடத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாம் படி: பணத்தைப் பிரித்தல்

6,000 ரூபாயில் விளக்குகளுக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கும் 1,800, ஸ்டாருக்கு 500, மரத்துக்கு 1,000, இயேசு பிறப்புக் காட்சியான குடிலுக்கு 1,700, தாள், பசை, டேப் வகைகளுக்கு 500 என்று ஒதுக்கிவிட்டு, மீதி 500 ரூபாயைத் தொடாமல் வைத்திருங்கள். கடைசி இரண்டு நாள்களில் ஏதாவது ஒன்று பழுதாகும். அப்போது பக்கத்துக் கடையில் கேட்ட விலைக்கு வாங்க வேண்டியிருக்கும். முதல் ஆண்டில் வாங்குபவற்றில் விளக்கும் பொம்மையும் ஆண்டுக்கணக்கில் நிற்பவை என்பதால், அடுத்த ஆண்டு இதே தொகையில் பாதிகூடத் தேவைப்படாது.

பணத்தை எங்கிருந்து எடுப்பது என்பதும் கவனிக்க வேண்டியதே. ஊழியர் நலநிதியிலிருந்து எடுப்பதே முறை. பெட்டி ஏந்தி வசூலிப்பதாக இருந்தால், யார் எவ்வளவு போட்டார்கள் என்ற பட்டியல் வேண்டாம். அலுவலகத்தில் உள்ள இரண்டு மூன்று கிறிஸ்தவ ஊழியர்கள்தாம் செலவையும் வேலையையும் சுமக்க வேண்டும் என்ற சொல்லாத எதிர்பார்ப்பு பல இடங்களில் உண்டு. ஆயுத பூஜைக்கு யாரிடமும் அப்படி எதிர்பார்ப்பதில்லை. இதற்கும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

வாங்கும் இடத்தைப் பொறுத்தவரை, தாள் வகைகளுக்குப் பாரிமுனை ஆண்டர்சன் தெருவும், துணி தேவைப்பட்டால் கோடவுன் தெருவும், ஜிகினா, ரிப்பன், சில்லறை அலங்காரப் பொருள்களுக்குச் சௌகார்பேட்டைச் சந்துகளும் போதுமானவை. ஒருவர் ஒரு நாள் காலையில் பட்டியலோடு போய் எல்லாவற்றையும் வாங்கிவிடுவது, ஐந்து பேர் ஐந்து இடங்களில் வாங்குவதைவிட மலிவாக முடியும். விளக்குச் சரங்களை மட்டும் தீபாவளி முடிந்த கையோடு, கடைக்காரர்கள் மிச்சச் சரக்கைத் தள்ளிவிடப் பார்க்கும் நாள்களில் வாங்கிவிடலாம்.

நான்காம் படி: ஒளி

ஒரு ரூபாய்க்கு மிக அதிகமாகக் கண்ணை நிறைப்பது விளக்குதான். 10 வாட் அளவிலான ஐந்து எல்.இ.டி. சரங்களும் ஸ்டாருக்குள் ஒரு 5 வாட் பல்பும் சேர்ந்தால் 55 வாட். நாளுக்கு 8 மணி நேரம் வீதம் 22 நாள் எரிந்தாலும் மொத்தச் செலவு 10 யூனிட்டுக்குள் அடங்கிவிடும். ஒன்றரை டன் ஏ.சி. ஒரே நாளில் எடுக்கும் மின்சாரத்தைவிட இது அதிகமில்லை என்பதால், மின்கட்டணத்தைக் காட்டி விளக்கைக் குறைக்கச் சொல்லும் நிர்வாகத்திடம் இந்தக் கணக்கைத் தாராளமாகக் காட்டலாம்.

நிறத்தில் கட்டுப்பாடு வேண்டும். வெதுவெதுப்பான மஞ்சள் வெள்ளை ஒன்றே போதும். பல வண்ணத்தில் மாறி மாறி மின்னும் சரங்கள், எட்டு மணி நேரம் அதன் எதிரில் உட்கார்ந்து வேலை செய்பவருக்குத் தலைவலியாகும். மின்னும் வகைதான் கைவசம் இருக்கிறது என்றால், அதன் சிறு பெட்டியில் உள்ள பொத்தானை அழுத்திக்கொண்டே போனால் நிலையாக எரியும் அமைப்பு ஒன்று வரும், அதில் நிறுத்திவிடலாம்.

இணைப்பில் மூன்று விதிகளை மீறாதீர்கள். ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து இன்னொன்றுக்குச் சங்கிலியாக இழுக்கக் கூடாது. கணினிகளுக்கான யு.பி.எஸ். சாக்கெட்டில் அலங்கார விளக்கைச் செருகக் கூடாது. ஒயரைக் கம்பளத்துக்கு அடியிலோ கதவிடுக்கிலோ கொண்டுபோகக் கூடாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளதாக இருக்கட்டும். மாலையில் கடைசியாகக் கிளம்புபவர் அணைப்பார் என்று நம்புவதைவிட, ஒரு டைமர் சுவிட்ச் வாங்கிப் போடுவது நல்லது. அல்லது இரவுக் காவலரின் பணிப்பட்டியலில் எழுதிக் கொடுத்துவிடலாம்.

ஐந்தாம் படி: ஸ்டார் கட்டுதல்

கடையில் விற்கும் மடிப்பு ஸ்டார்கள் மலிவுதான். ஆனாலும் வாசலில் தொங்கும் ஸ்டாரை அலுவலகத்தார் சேர்ந்து கட்டுவதற்கென்று ஒரு மாலை நேரத்தை ஒதுக்குவது வீணாகாது. மூங்கில் சட்டத்தை ஆண்டுதோறும் தாள் மாற்றி ஒட்டிப் பயன்படுத்தலாம்.

75 செ.மீ. நீளத்தில் 10 மூங்கில் பிளாச்சுகளும், 15 செ.மீ. நீளத்தில் 5 துண்டுகளும் தேவை. பிளாச்சுகளின் சிலாம்பைக் கத்தியால் சீவி, உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். ஐந்து பிளாச்சுகளை எடுத்து, ஒவ்வொன்றின் இரு முனைகளிலிருந்தும் 28.5 செ.மீ. தூரத்தில் பென்சிலால் குறியிடுங்கள். பேனாவை எடுக்காமல் ஐந்து கோடுகளில் நட்சத்திரம் வரைவோமே, அதே வரிசையில் முனையோடு முனை சேர்த்து ட்வைன் நூலால் கட்டினால், பிளாச்சுகள் ஒன்றையொன்று வெட்டும் ஐந்து இடங்களும் நீங்கள் இட்ட குறிகளின்மேல் வந்து உட்காரும். உட்காரவில்லை என்றால் நட்சத்திரம் கோணியிருக்கிறது என்று பொருள். நூலைத் தளர்த்திச் சரிசெய்த பிறகே அந்த ஐந்து சந்திப்புகளையும் இறுக்கிக் கட்ட வேண்டும். இதே போல இரண்டாவது நட்சத்திரத்தையும் கட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஐந்து வெளிமுனைகளையும் மட்டும் சேர்த்துக் கட்டுங்கள். பிறகு நடுவே உள்ள ஐந்து சந்திப்புகளிலும் இரண்டு சட்டங்களையும் கையால் விலக்கி, இடையில் ஒவ்வொரு 15 செ.மீ. துண்டாகச் செருகிக் கட்டினால், தட்டையாக இருந்த சட்டம் உப்பிக்கொண்டு முழு ஸ்டாராகிவிடும். இந்த ஒரு கட்டத்தில் இருவர் வேண்டும். ஒருவர் பிடிக்க, மற்றவர் கட்ட வேண்டும். பல்பு ஹோல்டரை உள்ளே நடுவில் வருமாறு துண்டுகளோடு சேர்த்து இறுக்கி, ஒயரை மேல்முனை வழியே வெளியே எடுத்துவிடுங்கள்.

முன்பக்கம் ஐந்து முக்கோணமும் நடுவே ஓர் ஐங்கோணமும், பின்பக்கமும் அவ்வாறே, பக்கவாட்டில் பத்து ஒடுங்கிய முக்கோணங்களும் என மொத்தம் 22 துண்டுகளைப் பட்டம் செய்யும் மெல்லிய தாளில் வெட்டி ஒட்ட வேண்டும். பின்பக்க ஐங்கோணத்தை மட்டும் ஒட்டாமல் விட்டால், பல்பு மாற்றவும் வெப்பம் வெளியேறவும் வழி கிடைக்கும். மைதாவைக் காய்ச்சிய பசையே இதற்கு மிகச் சிறந்தது. பூச்சி அரிக்காமலிருக்க, புத்தகம் கட்டுபவர்கள் அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் சேர்ப்பார்கள். அது நச்சு என்பதால் சேர்ப்பவர் கையை நன்றாகக் கழுவ வேண்டும். பசைக் கிண்ணத்தை அலுவலகச் சமையலறைப் பாத்திரங்களோடு சேர்க்கக் கூடாது. உள்ளே எல்.இ.டி. பல்பைத் தவிர வேறெதையும் போடாதீர்கள். பழைய இழை பல்பு சூடேறி இந்தத் தாளைக் கருக்கிவிடக்கூடும்.

இப்படிக் கட்டுவது கைவேலை அளவுக்குக் கணக்கு வேலையும்தான். ஜெர்மனியின் நீஸ்கி ஊரில் மொரேவிய சபை என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் பள்ளியில், 1830-களில் மாணவர்களுக்கு வடிவியல் கற்பிக்கச் செய்யப்பட்ட பலமுனை ஸ்டார்களே பின்னர் உலகமெங்கும் கிறிஸ்துமஸ் விளக்காகப் பரவின. அலுவலகத்தில் கணக்கில் நாட்டமுள்ள ஒருவரை இந்த வேலைக்குப் பிடித்துப் போடலாம்.

ஆறாம் படி: மரம்

மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ வீடுகளில் நெடுநாளாக இருந்துவரும் சவுக்கு. விழுப்புரம், கடலூர்ப் பகுதிகளில் கம்புக்காகவும் காகிதக் கூழுக்காகவும் பயிராக வளர்க்கப்படும் மரம் என்பதால், அதன் நுனிக்கிளையை வாங்குவதில் காட்டை அழித்தோம் என்ற உறுத்தல் இல்லை. ஈர மணல் நிரப்பிய வாளியில் நட்டு, வாளியைச் சாக்குத் துணியால் சுற்றிவிட்டால் ஊசியிலை மரத்தின் சாயல் அப்படியே கிடைக்கும். ஆனால் ஏ.சி. அறையில் அது விரைவில் காய்ந்து உதிரும், காய்ந்தபின் எளிதில் தீப்பற்றும். ஆகவே டிசம்பர் 18-க்குப் பிறகே அதைக் கொண்டுவாருங்கள். அதன்மேல் விளக்குச் சரம் சுற்றாமல், எதிரிலிருந்து ஒளி பாய்ச்சுங்கள்.

இரண்டாவது, கிழக்குக் கடற்கரைச் சாலையோர நர்சரிகளில் கிறிஸ்துமஸ் மரம் என்ற பெயரிலேயே தொட்டியில் கிடைக்கும் அரக்கேரியா. இடுப்புயரச் செடியே போதும். மேசைமேல் வைத்தால் உயரம் வந்துவிடும். இதற்கு ஒளி வேண்டும் என்பதால் சன்னலோரம் வைத்து, இலேசான காகித அலங்காரம் மட்டும் மாட்டுங்கள். பராமரித்தால் ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்து வரும்; 1,000 ரூபாயைச் செலவிட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. பி.வி.சி. மரத்தை நான் பரிந்துரைக்கவில்லை. விலை குறைந்தவற்றில் கிளைகள் இடைவெளி விட்டு எலும்பாகத் தெரிவதால், அதை நிறைக்கவே இன்னொரு செலவு வந்துவிடும்.

மூன்றாவது, தரையில் இடமே இல்லாத அலுவலகத்துக்கான சுவர் மரம். 90 செ.மீ.யில் தொடங்கி 12 செ.மீ. வீதம் குறைத்து, 18 செ.மீ.யில் முடியுமாறு ஏழு உலர்ந்த குச்சிகளை வெட்டிக்கொள்ளுங்கள். அவற்றை 20 செ.மீ. இடைவெளியில் இரண்டு சணல் கயிறுகளில் ஏணிபோல் கோத்துத் தொங்கவிட்டால் நான்கடி உயர மரம் தயார். 10 மீட்டர் விளக்குச் சரம் ஒன்றை மேலிருந்து கீழாகக் குச்சிக்குக் குச்சி ஓட்டினால் முழு மரமும் ஒளிரும். ஒரே ஒரு கொக்கியில் தொங்குவதால் வண்ணச் சுவருக்கும் சேதம் இல்லை.

மரத்தடியில் பரிசுப் பெட்டிகள் வேண்டுமென்றால், ஏ4 தாள் பெட்டிகளைப் பழுப்புத் தாளில் சுற்றிச் சிவப்பு ரிப்பன் ஒன்று கட்டினாலே போதும்.

ஏழாம் படி: குடில்

குடில் வைப்பதா வேண்டாமா என்பதை, முதலில் அலுவலகத்தின் கிறிஸ்தவ நண்பர்களிடம் கேளுங்கள். அவர்களுக்கு அது அலங்காரப் பொருள் அன்று. எந்தப் பொம்மையை எப்போது வைப்பது என்பதில் வீட்டுக்கு வீடு, சபைக்குச் சபை பழக்கம் மாறும். பல கத்தோலிக்க வீடுகளில் குழந்தை இயேசுவின் உருவத்தை டிசம்பர் 24 இரவுக்கு முன் வைப்பதில்லை. அலுவலகத்தில் 24-ஆம் தேதி மாலை கிளம்பும் முன் வைக்கும் பொறுப்பை அவர்களில் ஒருவரிடம் கொடுத்துவிடலாம்.

செலவைக் குறைக்க விரும்புபவர்களுக்கு வரலாறே துணை நிற்கிறது. இத்தாலியின் கிரேச்சோ ஊரில் 1223-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் துறவி அசிசியின் பிரான்சிஸ் ஏற்பாடு செய்த காட்சியில், முன்னணை என்னும் தீவனத் தொட்டியும் வைக்கோலும் உயிருள்ள மாடும் கழுதையும்தான் இடம்பெற்றன. வைக்கோலையும் முன்னணையையும் நன்றாகச் செய்துவிட்டால் குடிலின் உயிர் வந்துவிடுகிறது. பளபளப்பு அதற்குத் தேவையே இல்லை.

ஒரு மேசைமேல் சாக்கை விரித்து, அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டியெடுத்துக் கொட்டகையாக நிறுத்துங்கள். கூரைக்கு வைக்கோல் அல்லது தென்னங்கீற்று. பழுப்புத் தாளை நன்றாகக் கசக்கிப் பிரித்து, காப்பித்தூள் கரைத்த நீரை ஆங்காங்கே தெளித்துக் காயவைத்தால் அது பாறைபோல் ஆகிவிடும். பின்னால் பெட்டிகளை அடுக்கி அவற்றின்மேல் போர்த்தினால் மலை. யாராவது ஒருவர் வீட்டில் கொலுப்படி சும்மா இருந்தால், அதன் மூன்று படிகளைக் கேட்டு வாங்கி அதன்மேலேயே மலைச்சரிவை அமைக்கலாம்.

பசும்புல்லுக்கு, டிசம்பர் 14 வாக்கில் கேழ்வரகை ஓரிரவு ஊறவைத்து, ஈர மண் பரப்பிய தட்டுகளில் நெருக்கமாகத் தூவி, இரண்டு நாள் மூடிவைத்துப் பிறகு வெளிச்சத்தில் எடுத்து வையுங்கள். தினமும் நீர் தெளித்துவந்தால் 24-க்குள் விரலளவு வளர்ந்துவிடும். முளைப்பாரி போட்டுப் பழகிய வீட்டார் அலுவலகத்தில் இருந்தால் இந்த வேலையை அவர்களிடமே விட்டுவிடுங்கள். வார இறுதியில் தட்டுகளை வீட்டுக்கு எடுத்துப்போகவும் அவர்கள் தயங்கமாட்டார்கள்.

பொம்மைகளை ஒரே ஆண்டில் வாங்க முயலாதீர்கள். முதல் ஆண்டில் குழந்தை, மரியாள், யோசேப்பு ஆகிய மூன்றும் போதும். அடுத்த ஆண்டு இடையரும் ஆடுகளும், அதற்கடுத்த ஆண்டு மூன்று ராஜாக்களும் ஒட்டகமும் வரட்டும். மதுரைக்கு அருகே விளாச்சேரியில், நவராத்திரிக் கொலுவுக்குப் பொம்மை செய்யும் அதே கைகள் குடில் பொம்மைகளையும் செய்கின்றன. அந்தப் பக்கம் போகிறவர் யாராவது இருந்தால் சொல்லிவிடலாம். சென்னையில் ஆர்மேனியன் தெருத் தேவாலயத்தை ஒட்டிய கடைகளிலும் கிடைக்கும். எல்லாப் பொம்மைகளும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்க, முதலில் வாங்கும்போதே உயரத்தைக் குறித்துவையுங்கள்.

மலைமேல் பனி என்று தெர்மாகோல் தூவுவதை விட்டுவிடுங்கள். அலங்காரத்துக்கான தெர்மாகோல் 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்ட பொருள்களில் ஒன்று. பஞ்சைப் பயன்படுத்துவதாக இருந்தால் விளக்கிலிருந்து தள்ளியே வையுங்கள். மெழுகுவத்தியோ அகலோ, குடிலுக்குப் பக்கத்தில் எது ஏற்றினாலும் வைக்கோல் காத்திருக்காது.

எட்டாம் படி: கண்ணாடியும் மேற்கூரையும்

கண்ணாடித் தடுப்புகளில் போஸ்டர் கலரோடு சில சொட்டுப் பாத்திரம் துலக்கும் திரவத்தைக் கலந்து வரைந்தால், ஜனவரியில் ஈரத்துணியால் துடைத்தவுடன் போய்விடும். காகிதப் பனிப்பூக்கள் வெட்டுபவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பனிப்படிகத்துக்கு ஆறு முனைகள்தாம். தாளை நான்காக, எட்டாக மடித்து வெட்டினால் நான்கு அல்லது எட்டு முனைப் பூதான் வரும். சதுரத் தாளை மூலைவாட்டில் மடித்து, அந்த முக்கோணத்தை நீண்ட பக்கத்தின் நடுப்புள்ளியிலிருந்து மூன்று சம பங்காக மடித்து, இன்னும் ஒருமுறை பாதியாக மடித்து வெட்டினால் ஆறு முனைகள் சரியாக விழும்.

சட்டமிட்ட பொய்க்கூரையில் துளையிட வேண்டியதில்லை. காகிதக் கிளிப்பை வளைத்து அதன் உலோகச் சட்டத்தில் மாட்டினால் இலேசான எதுவும் தொங்கும். சுவரில் இரட்டைப் பக்க டேப் நேரடியாக ஒட்டினால் வண்ணப்பூச்சு பெயர்ந்து வரும் என்பதால், முதலில் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் ஒட்டுங்கள். பலூன் வேண்டாம், இரண்டு நாளில் சுருங்கித் தொங்கும்.

ஒன்பதாம் படி: எடுத்து வைத்தல்

மூன்று ராஜாக்கள் திருநாளான ஜனவரி 6-க்குப் பிறகு, போகிக்கு முன் எல்லாவற்றையும் இறக்கிவிட வேண்டும். பிய்ந்த ஜிகினாவையும் பிளாஸ்டிக் சரங்களையும் போகி நெருப்பில் போட ஒருவர் நிச்சயம் யோசனை சொல்வார், அனுமதிக்காதீர்கள். விளக்குச் சரங்களை அட்டைத் துண்டில் சுற்றி, எந்த இடத்துக்குரியது, எத்தனை மீட்டர் என்று அதன்மேலேயே எழுதுங்கள். ஸ்டாரின் கிழிந்த தாளை நீக்கி, சட்டத்தை மட்டும் செய்தித்தாளில் சுற்றி வையுங்கள். மண் பொம்மைகளைத் துணியில் பொதிந்து, பெட்டிக்குள் இரண்டு கற்பூர உருண்டை போடுங்கள். கேழ்வரகுப் புல்லை யாராவது மாட்டுக்குக் கொடுத்துவிடலாம். அரக்கேரியாவை மெல்ல மெல்லப் பழக்கி வெயில் படும் இடத்துக்கு மாற்றி, பொறுப்பாளர் பெயரைத் தொட்டியில் ஒட்டிவிடுங்கள். கடைசியாக, என்ன வாங்கினோம், எங்கே, எவ்வளவுக்கு, எது மீந்தது என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மேல்மூடியின் உட்புறத்தில் ஒட்டிவிட்டால், அடுத்த நவம்பரில் பெட்டியைத் திறப்பவர் வேறு யாராக இருந்தாலும் முதல் படியிலேயே பாதி வேலை முடிந்திருக்கும்.